அடிக்கோடு போட்ட வாசல்

துஷாந்த் பேசினால் மூன்று பேருக்குத்தான் விளங்கும். பெற்றவள் இராசமணிக்கு, அக்கா ஆர்த்திகாவுக்கு, பக்கத்து வீட்டு விஜிதாவுக்கு. விஜிதாவும் பாதியை அவன் கண்ணைப் பார்த்துத்தான் பிடிப்பாள்.

பிறவியிலேயே அவனுடைய நாக்கும் தாடையும் அவன் சொன்னபடி கேட்பதில்லை. சொற்கள் இழுபட்டு, நடுவில் உடைந்து, கடைசி எழுத்தைத் தொண்டைக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே வரும். மற்றபடி அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்தில் யாருடைய போன் தண்ணீரில் விழுந்தாலும், யாருடைய குழந்தை போனைத் தரையில் அடித்தாலும், அது முதலில் வந்து சேர்வது தொழிலாளர் லயத்து வரிசையில் இவர்களுடைய வீட்டுக்குத்தான். அவன் திறந்து பார்ப்பான், துடைப்பான், எதையோ சூடாக்கி ஒட்டுவான், போன் விழித்துக்கொள்ளும். ஆனால் என்ன கோளாறு, இனி என்ன செய்யக் கூடாது என்று போன்காரருக்கு எடுத்துச் சொல்ல அக்கா வரவேண்டும்.

அந்த அக்கா பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில், கடைகளுக்குப் பில் போடும் கணினி நிரல்கள் எழுதித்தரும் சின்ன அலுவலகத்தில் வேலை செய்தாள். ஆர்த்திகா கேட்டு வாங்குகிற ரகம் அல்ல. பள்ளிக்கூடத்தில் புத்தகம் குறைந்தால் பக்கத்துப் பிள்ளையின் தோளுக்கு மேலாக எட்டிப் படித்துக்கொள்வாள். "எனக்கும் ஒண்ணு வேணும் டீச்சர்" என்று எழுந்து நிற்கமாட்டாள். யாரும் தடுக்காத பக்கமாகப் பார்த்து நுழைந்து, வேலையை முடித்துக்கொண்டு சத்தமில்லாமல் வந்துவிடுவாள்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது கூடப் பிறந்த பழக்கம். லயத்திலிருந்து பஸ் ஏறும் இடத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. ரோட்டு வழி மலையை முழுதாகச் சுற்றிக்கொண்டு போகும். மற்றது தேயிலைக்குள் புகுந்து, தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாப் பின்வேலியை ஒட்டி நேரே இறங்கும். அந்த வழியாகப் போகலாம் என்று எந்தத் துரையும் சொன்னதில்லை. போகாதே என்றும் சொன்னதில்லை. அதனால் எல்லோரும் அதில்தான் போனார்கள். புதுத் துரை வந்தால் சில சமயம் முள்கம்பி விழும். காலையில் இறங்கி வருகிற சனம் கம்பிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கும். ஒருவரும் சண்டைக்குப் போகமாட்டார்கள். திரும்பி, ரோட்டைச் சுற்றிக்கொண்டு நடப்பார்கள்.

"நம்ம ரோடா அது? விட்டாங்க, போனோம்" என்பாள் இராசமணி, கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் சரிசெய்தபடி.

தம்பிக்காக ஒரு நிரல் எழுதவேண்டும் என்ற எண்ணம் ஆர்த்திகாவுக்கு எப்போது வந்ததென்று அவளுக்கே ஞாபகம் இல்லை. பேச்சை எழுத்தாக்கும் லைப்ரரிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைத்தன. யாரோ எழுதி, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துங்கள் என்று திறந்து வைத்த நிரல் தொகுதிகள் அவை. அதில் ஒன்றுக்குத் தமிழும் தெரிந்திருந்தது. போனில் ஒருவர் பேச, அது எழுத்தாக மாற, அந்த எழுத்தை இன்னொரு குரல் வாசிக்கும். அவ்வளவுதான் அவள் எண்ணியது.

முதல் நாளே அது தம்பியின் பேச்சைக் கைவிட்டது. பிழையாக எழுதியிருந்தாலாவது திருத்தலாம். அது ஒன்றுமே எழுதவில்லை.

காரணத்தை அவள் தேடிக் கண்டுபிடித்தாள். லைப்ரரிக்குள் நுழைய, அதைச் செய்தவர்கள் சில வாசல்களைக் கையேட்டில் காட்டியிருந்தார்கள். அந்த முன்வாசலில் ஒரு காவல் இருந்தது. வருகிற சத்தம் மனிதப் பேச்சா, வெறும் இரைச்சலா என்று அது முதலில் பார்க்கும். இரைச்சல் என்று பட்டால் உள்ளே விடாது. துஷாந்தின் குரலை அது மழையோடும் லொறியோடும் சேர்த்துத் தள்ளிவிட்டது.

லைப்ரரியின் உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் திறந்து படிக்கலாம். ஆர்த்திகா படித்தாள். காவலுக்குப் பின்னால், சத்தத்தை எழுத்தாக்கும் உள்ளறை ஒன்று தனியாக இருந்தது. அதன் பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு. இது எங்கள் உள் உபயோகத்துக்கு, வெளியார் இதை நம்பி எதையும் கட்டவேண்டாம் என்பது அந்த அடிக்கோட்டுக்கு அர்த்தம். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அங்கே பூட்டு இல்லை. பெயரை முழுசாக எழுதி, எடுத்துக்கொள் என்று ஒரு வரி போட்டால் உள்ளறை நேராகக் கைக்கு வந்தது. அவள் அந்த வரியைப் போட்டாள். பங்களா வேலியோரம் இறங்குகிற காலுக்கு அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

பிறகு வீட்டிலிருந்த பழைய கணினியில் அந்த உள்ளறையைத் தம்பியின் குரலுக்குப் பழக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் துஷாந்த் மரக்கறிப் பாத்திக்குள் உட்கார்ந்து போனைப் பார்த்து ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னான்.

"என்னா புள்ள, அந்த மெஷினுக்குக் காது செவிடா? நூறு தரம் சொல்றானே" என்றாள் இராசமணி, பீன்ஸ் பறித்துக்கொண்டே.

"உனக்கு மட்டும் ஒரு தரத்துல வெளங்கிச்சாம்மா?"

"நான் பெத்தவ. எனக்கு அவன் அழுறதே வெளங்கும்."

துஷாந்த் ஏதோ சொன்னான். மற்றவர்கள் காதுக்கு அது நீளமான ஒரு முனகல். ஆர்த்திகா சிரித்துவிட்டாள். அவன் சொன்னது இது: "அக்கா, இன்னங் கொஞ்ச நாள்ல இந்த போனும் என்னைய மாதிரி பேச ஆரம்பிச்சிரும்."

மாதங்கள் போயின. ஒரு நாள் அது அவன் சொன்னதை அப்படியே எழுதியது. போன் அதை ஒரு கனமான ஆண் குரலில் வாசித்தது. இராசமணி பீன்ஸ் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "யாருடி அது?" என்று வாசலை எட்டிப் பார்த்தாள்.

அந்தப் போனோடுதான் அவனை ஹுமைத்தின் கடைக்கு அழைத்துப் போனாள். ஹுமைத் பஸ் நிலையத்துக்கு அருகில் போன் விற்று, பழுதும் பார்க்கிறவர். அவருடைய பில் நிரல் ஆர்த்திகா எழுதியது. உள்ளே பழுது பார்க்க மிப்ரான் என்ற ஆள் இருந்தான். கடையின் உள்பக்கம் ஒரு மேசைதான் போடலாம். காலியாக இருந்தது முன் கவுண்டர். வருகிறவர்களிடம் போனை வாங்கி, கோளாறைக் கேட்டு, பதில் சொல்லி அனுப்பும் இடம்.

"ஸ்கிரீன் மட்டும் மாத்தினா போதும். போர்டு நல்லாருக்கு" என்று துஷாந்த் சொல்ல, போன் சொன்னது.

ஹுமைத் தாடியைத் தடவிக்கொண்டார். "என்ன தங்கச்சி, ஒங்கட தம்பி ரேடியோவுல நியூஸ் வாசிக்கிற ஆள் மாதிரி ஈக்காரே. நம்மட கடைக்கு இவ்வளவு மரியாத தாங்காது." பிறகு யோசித்துச் சொன்னார்: "சரி. ஒரு மாசம் கவுண்டர்ல இரிக்கட்டும். ஆக்கள் பழகிட்டாங்கண்டா, பொறகு அவரு நம்மட கடை ஆள்தான்."

துஷாந்த் தோட்டத்துக்கு வெளியே முதன்முறையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தான். காலையில் சட்டையை இரண்டு தரம் தேய்த்தான். சனங்கள் முதலில் போன் பேசுவதை வேடிக்கை பார்த்தார்கள். பிறகு அவன் சொல்வதைக் கேட்டார்கள். பிறகு போனை மறந்து அவனிடமே விலை பேசினார்கள். மாடியிலிருந்து இறங்கும்போதெல்லாம் ஆர்த்திகா எதிர்ப்பக்கமாக நின்று பார்த்துவிட்டுப் போவாள். கடைக்குள் போகமாட்டாள். அக்கா வந்துதான் ஆகவேண்டும் என்று யாருக்கும் தோன்றிவிடக் கூடாது.

அந்த மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது.

நிரல் ஓடிக்கொண்டிருந்தது அவளுடைய கணினியில் அல்ல. கடலுக்கு அப்பால் ஒரு நிறுவனம் தன் கணினிகளில் இலவசமாக ஒதுக்கித் தந்திருந்த ஒரு மூலையில். பழைய அமைப்பை நிறுத்துகிறோம், புதியதுக்கு மாறுங்கள் என்று அந்த நிறுவனம் அறிவித்திருந்தது. போனுக்கு அப்டேட் போடுவது போல்தான் இதுவும் என்று நினைத்து, திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வந்ததும் பொத்தானை அழுத்தினாள். மூலை முழுவதும் இடித்துப் புதிதாகக் கட்டப்பட்டது. லைப்ரரியின் புதிய பதிப்பும் அதனுடன் வந்து இறங்கியது.

திரையில் ஒரு சிவப்பு வரி. நீ கேட்கும் பெயரில் இங்கே எதுவும் இல்லை.

அவள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். உள்ளறை இல்லை. லைப்ரரியைச் செய்தவர்கள் தங்கள் வீட்டுக்குள் சுவரை மாற்றிக் கட்டியிருந்தார்கள். முன்வாசல்கள் மட்டும் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன.

"என்ன ஆர்த்திகா, பேயறைஞ்ச மாதிரி இருக்க?" என்றான் பக்கத்து மேசை கிஷாந்தன். தெமோதரைக்காரன், வாய் சும்மா இருக்காது. எட்டிப் பார்த்துவிட்டு, "அடடா, அடிக்கோடு போட்டதையா எடுத்து வச்சிருந்த? அது அவங்க சமைக்கிற குசினி இல்லையா. குசினிய மாத்தி வைக்க ஒன்கிட்ட கேப்பாங்களா?"

அவள் பழைய பதிப்பைக் கேட்டுப் பார்த்தாள். புதிய அமைப்பில் அது ஏற மறுத்தது. ஸ்பிரிங்வெளி பஸ் இதற்குள் பாதி வழி வந்திருக்கும். துஷாந்த் கடையைத் திறந்து உட்கார்ந்துவிடுவான். கையேட்டைப் பார்த்து முன்வாசலின் பெயரை எழுதினாள். சிவப்பு வரி மறைந்தது. தன் போனை எடுத்து, "ஸ்கிரீன் மாத்தணும், நாளைக்கு வாங்க" என்று பேசினாள். முன்பைவிட வேகமாக, ஓர் எழுத்துப் பிசகாமல் வந்தது.

அவளுக்கு மூச்சு வந்தது. சரியாகிவிட்டது என்று தம்பிக்குச் செய்தி போட்டாள். தன் குரலில் சோதித்தோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு ஹுமைத் கூப்பிட்டார். "தங்கச்சி, ஒருக்கா கடைக்கு வாங்களே." குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைப் படி இறங்கி ஓட வைத்தது.

கவுண்டருக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். முதலில் நின்றவர் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்து ஓய்வு பெற்ற பரமலிங்கம். யாழ்ப்பாணத்து மனிதர், பதுளையில் வீடு கட்டித் தங்கிவிட்டவர். தன் போனை மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தார். துஷாந்த் தன் போனை வாயருகில் பிடித்துப் பேசினான். பேட்டரி ஊதியிருக்கு ஐயா, இதைச் சார்ஜ் போடாதீங்க என்று அவன் சொன்னது தெருவில் வரும்போதே ஆர்த்திகாவுக்கு விளங்கியது.

போன் அதே கனமான குரலில் சொன்னது: "பேச்சு எதுவும் கேட்கவில்லை."

அவன் இன்னும் சத்தமாகச் சொன்னான். கழுத்து நரம்பு புடைத்தது.

"பேச்சு எதுவும் கேட்கவில்லை."

பின்னால் நின்ற ஒருவன், "போன் கடையில போனுக்கே காது டொக்கு" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

பரமலிங்கம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். "தம்பி கதைக்கிறார்தானே. எனக்குக் கேக்குது. விளங்கேல்ல, ஆனால் கேக்குது. உதுக்கு ஏன் கேக்கேல்ல?"

துஷாந்த் அக்காவைப் பார்த்துவிட்டான். போனைக் கீழே வைத்தான்.

"அக்கா, நான் பேசுறேன்தானே?"

"பேசுற. நல்லாத்தான் பேசுற" என்றாள். பிறகு பரமலிங்கத்திடம் திரும்பி, "பேட்டரி ஊதியிருக்காம் ஐயா. சார்ஜ் போடாதீங்க, வேற பேட்டரி போடணும்னு சொல்றான்" என்றாள். அன்று மத்தியானம் வரை அவள் அங்கேயே நின்று, அவன் சொல்லச் சொல்ல எடுத்துச் சொன்னாள். எதைத் தவிர்க்க அத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போயினவோ, அதை. வந்தவர்கள் அவளையே பார்த்துப் பேசினார்கள். துஷாந்தின் பார்வை கையிலிருந்த போனை விட்டு எழவில்லை.

அன்று பின்னேரம் லைப்ரரியைச் செய்தவர்களுக்கு, அவர்களுடைய இணையப் பக்கத்தில் எல்லோரும் பார்க்க எழுதினாள். உள்ளறையை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. என் தம்பியின் குரலை உங்கள் காவல் பேச்சென்று எடுத்துக்கொள்ளவில்லை, அதைத் தாண்டிப் போக ஒரு வழி தர முடியுமா என்று, தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள்.

பதில் சீக்கிரமே வந்தது, மரியாதையான பதில். அடிக்கோட்டோடு தொடங்கும் பெயர்கள் எங்கள் சொந்த உபயோகத்துக்கு, சொல்லாமலே மாற்றுவோம், அவை நிலைக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுத்ததில்லை. உங்கள் தேவை எங்களுக்குப் புரிகிறது. இன்னும் பலர் கேட்டால், கையேட்டில் காட்டக்கூடிய ஒரு வழியாக அதைச் செய்வது பற்றி யோசிப்போம். ஆதரிப்பவர்கள் கீழே கை உயர்த்துங்கள்.

கோபப்பட இடம் தேடி அதை மறுபடி மறுபடி வாசித்தாள். ஒரு சொல்கூடப் பிழை இல்லை. அவர்கள் கொடுக்காத ஒன்றை அவள் எடுத்தாள், அவர்கள் தங்களுடையதை மாற்றினார்கள். யார் மேல் கோபப்படுவது?

ஒரு கை உயர்ந்தது. அது கிஷாந்தனுடையது. வேறு கை எதுவும் வரவில்லை. இப்படி ஒரு தம்பியோ மகளோ இருக்கிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவர்களில் இந்தப் பக்கத்தைத் தேடி வந்து, என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்து, கை உயர்த்தக்கூடியவர்கள் எங்கே இருக்கிறார்களோ.

அந்த வாரம் அவள் முட்டாத கதவு இல்லை. புதிய பதிப்புக்குள் போய்த் தேடினாள். உள்ளறையின் வேலை இப்போது நான்கு இடத்தில் பிரிந்து கிடந்தது. நான்கின் பெயரிலும் அடிக்கோடு. அதையும் எடுத்துப் பார்த்தாள், வேறு என்ன செய்ய. ஆனால் தம்பியின் குரலில் பழக்கிய கோப்பு, திறக்கும்போதே பழைய உள்ளறையைப் பெயர் சொல்லித் தேடியது. காணாமல் அங்கேயே நின்றது. புதிதாகப் பழக்கினால் மறுபடி மாதக்கணக்கு. பழைய அமைப்பை வைத்துக்கொள்ள விடும் வேறு நிறுவனங்கள் இருந்தன; அவை வங்கிக் கடன் அட்டை கேட்டன. லயத்து விலாசத்துக்கு எந்த வங்கி அதைத் தரப்போகிறது?

வார முடிவில் ஹுமைத் அவளைத் தனியாக அழைத்து இஞ்சித் தேத்தண்ணி வரவழைத்தார்.

"நான் கோவிக்கல்ல தங்கச்சி. அவரட கை வேலைக்கு நம்மட மிப்ரான் பக்கத்துலயும் வர ஏலாது. ஆனா கவுண்டர்ல பேச வேணுமே."

"எங்க வீட்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்குங்க நானா" என்றாள், அண்ணன் முறை சொல்லி. "நெட்டே இல்லாததால அதுல எல்லாம் பழையபடியே இருக்கு. அத தூக்கிட்டு வந்து இங்க வைக்கிறேன். ஓடும்."

ஹுமைத் தேத்தண்ணியை ஆற்றினார். "ஓடும். சரி. இனி நிக்காதுண்டு ஒங்களுக்குச் சொல்ல ஏலுமா? சொல்லுங்க, நான் வெச்சிக்கிறேன்."

ஏலும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அந்தக் கணினி ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தித் தள்ளியது. மழை நாளில் தானாக அணைந்துவிடும். அது போனால் பழையதை ஏற்ற இன்னொன்று கிடைக்காது. பொய் சொல்ல அவளுக்குப் பழக்கம் இல்லை. கண்ணாடிக் கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்தாள்.

"நம்மட மச்சானட மகள் ஸில்மியா திங்கக்கிழமையிலேரிந்து வாரா" என்றார் ஹுமைத், மெதுவாக. "உள்ளுக்கு இன்னொரு மேச போட எடமிருந்தா ஒங்கட தம்பிய நான் விட்டிருக்கமாட்டேன்."

வெளியே துஷாந்த் கவுண்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் எப்படிச் சொல்வது என்று அவள் பஸ் முழுக்க யோசித்தாள். சொல்லத் தேவைப்படவில்லை. பஸ் மலை ஏறும்போது அவனே, "ஸில்மியாவுக்கு ஸ்டாக் எங்கெங்க இருக்குன்னு காட்டிக் குடுத்துட்டேன்" என்றான். முன் சீட்டில் இருந்தவர் திரும்பி, அவன் உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. ஆர்த்திகா வீட்டிலிருந்த பழைய கணினியைத் திறந்தாள். உள்ளறை அங்கே போட்டது போட்டபடி இருந்தது. கோப்பு முணுமுணுக்காமல் திறந்தது. மைக்கைத் தம்பியின் பக்கம் தள்ளினாள்.

"வேணாங்கா" என்றான் அவன்.

"ஒரு தரம். எனக்காக."

இராசமணி ஈர விறகோடு மல்லுக்கட்டி ஒருவழியாகத் தண்ணீரைக் கொதிக்க வைத்திருந்தாள். துஷாந்த் மைக்கை வாயருகில் இழுத்துக்கொண்டான். பிறகு அதனிடம் சொன்னான்: "அம்மா, எனக்குச் சீனி கொறைச்சுப் போடு."

கணினி யோசித்தது. அதன் காற்றாடி இரைந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்து கூடின, ஒன்றும் பிசகவில்லை. அந்தக் கனமான ஆண் குரல் வாயைத் திறந்து, "அம்மா, எனக்குச் சீனி" என்று தொடங்கும்போது, இராசமணி சீனிப் போத்தலை மூடிவிட்டு, தேத்தண்ணிக் கோப்பையை அவன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.